ஒடுக்கில் பொழுது சாய்ந்த நேரம்

இந்த வருஷம் மலை ஒடுக்கில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கயிற்றில் இறக்கிக் கூட்டிப்போகும் வேலைக்குப் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். மலையேறி வந்து உங்களோடு உட்கார்ந்து பேசத்தான் ஆசை. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸில் வரலாம், அதற்கு மேல் கால் கேட்காது. அதனால் எழுதி அனுப்புகிறேன். எட்டாவது பாதியில் நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

கயிறு கட்டுவது, பாறையில் அடித்த போல்ட்டைச் சோதிப்பது, இறங்குகிறவரைக் கீழிருந்து பிடிப்பது, இதெல்லாம் உங்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒடுக்குக்குள் ஒரு தை மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று எங்களைக் கரையேற்றியது கயிறு மட்டுமல்ல. சில மனிதர்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தத் தொழிலுக்கு நன்றாகப் பழகியவர் இல்லை, ஒரே ஒருத்தியைத் தவிர.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊர் திருநாவலூர். ஓரிடத்தில் கால் தரிக்காத ஆள். போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போனேன். பல வருஷம் லாரிக்கு அடியில்தான் தூக்கம். காதில் எப்போதும் இரைச்சல், இன்றைக்கும் வலது காது மந்தம். அது சலித்துப்போய் பெங்களூரில் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போனேன். கயிற்றில் தொங்குவது அங்கே பழகியதுதான்.

அங்கே எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். முடிச்சை எல்லாரும் பார்ப்பார்கள், நீ ஆளின் பேச்சைக் கேள் என்பார். சளசளவென்று பேசுகிறவன் கயிற்றில் திடீரென்று வாயை மூடினாலும், பேசாதவன் திடீரென்று பேச ஆரம்பித்தாலும், வேலை பாதியில் கிடந்தாலும் பரவாயில்லை என்று இறக்கிவிடுவார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். அவர் தமிழே அரைகுறை, என் கன்னடம் அதைவிட மோசம். ஆனாலும் அவர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. பிறகு ஊருக்கு ஒரு சாவுக்கு வந்தபோது, கல்வராயன் மலையில் கயிற்றில் இறங்கப் பயப்படாத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே ஏறினேன். ஓரிடத்தில் அதிக வருஷம் நான் இருந்தது இங்கேதான்.

ஒடுக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடை ஒரு வெடிப்புக்குள் நுழைந்து காணாமல் போகும் இடம். உள்ளே இறங்கிவிட்டால் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கப் பாறையும் தட்டும். வெயில் உள்ளே விழுவதே இல்லை. வெளியே கள்ளக்குறிச்சி ரோட்டில் தார் இளகிக் கிடக்கும். அந்தச் சூட்டிலிருந்து வருகிறவர்களிடம் தண்ணீர் குளிரும் என்றால், நல்லதாப் போச்சுங்க என்பார்கள். நம் ஊரில் குளிரால் ஒருவருக்கு உயிர் போகும் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பியதில்லை. இப்போது நீங்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடுப்பும் அப்போது எங்களிடம் கிடையாது.

அன்று வந்தவர்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர்கள். பொங்கல் வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்திருந்த நேரம். நன்றாக விற்றவர்களை முதலாளி ஒரு நாள் வெளியே கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். மேனேஜர், அவரோடு இரண்டு பெண்கள். ஒருத்தி ரேகா, களமருதூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. இன்னொருவர் தனம். கருணாபுரத்துக்காரர், நடுத்தர வயது, சேலைப் பிரிவில் பழைய ஆள். மேனேஜர் ஹெல்மெட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். எதற்கெடுத்தாலும் நமக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றார். இந்த ஆள்தான் இன்று பாடாய்ப் படுத்தப்போகிறார் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

என்னோடு பின்கயிறு பார்த்தவள் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். முன்னால் நான் இறங்கினால், எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் அவள் வருவாள். அவள் பெயரைப் போட்டுவிடாதே என்று கட்டளை. போட்டால் பஸ்ஸில் எல்லாரும் விசாரிப்பார்களாம்.

கிளம்பும் முன் வழக்கம்போலக் கேட்டேன். "எல்லாரும் சாப்ட்டாச்சா?"

"ஆச்சுங்க" என்றார்கள் மூன்று பேரும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. பட்டினி கிடப்பவனும் ஆச்சுங்க என்றுதான் சொல்வான். இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம், நமக்குக் கௌரவக் குறைச்சல். கேட்கிறவரும் ஒரு மரியாதைக்குத்தான் கேட்கிறார். நானும் அன்று அந்த மரியாதைக்குத்தான் கேட்டேன்.

முதல் இறக்கம் நன்றாகவே போயிற்று. தனம் இறங்கியவிதம் எனக்குப் பிடித்திருந்தது. கூச்சல் இல்லை, பதற்றம் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். கடைசியில் பின்கயிற்றுக்காரி வந்து சேர்ந்ததும் கயிற்றை உருவினோம். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு வேண்டும். உருவிய பிறகு மேலே ஏற வழி கிடையாது. எது வந்தாலும் முன்னால்தான் போக வேண்டும். இதை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்ததும் உடம்பில் ஏறுவதும் வேறு வேறு.

அடுத்தது நீளமான மடு. அந்த வருஷம் மழை ஜாஸ்தி, கழுத்துவரை தண்ணீர். தனம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே அதைக் கடந்தார். தண்ணீரை முழுங்கிவிடப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஏறி நின்றபோது, இடுப்புப் பட்டையின் கொக்கியைத் திறக்க அவர் விரல்களால் முடியவில்லை. நான் திறந்துவிட்டேன். நல்லா இருக்கீங்களாக்கா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நல்லா இருக்கேங்க என்றார். அந்தச் சிரிப்பு அவர் தொழிலோடு வந்தது. நாள் முழுக்க நின்று கால் வீங்கினாலும் சிரிக்கப் பழகியவர்.

இரண்டாவது இறக்கம் சின்னது. அதன் அடியில் ஒரு பாறை மேடை, இந்த ஒடுக்கிலேயே தண்ணீர் படாத ஒரே இடம். அங்கே எல்லாரும் சேர்ந்தபோது, அதுவரை வாயே திறக்காத தனம் பேச ஆரம்பித்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க. இன்னா வெலயில பாக்கறீங்க?"

மேனேஜர் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா சார், இங்கயும் வியாபாரம். அதான் தனம்மா."

ரேகாவும் சிரித்தாள். நான் பின்கயிற்றுக்காரியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பேசாதவர் பேசுகிறார் என்பது என் காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். கை விறைத்திருந்தது. மடுவைத் தாண்டியபோது உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார். இப்போது நடுக்கம் நின்றிருந்தது. பழகாதவர்கள் அதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். நீங்கள் அடையாதீர்கள். நடுக்கம் நிற்பது, உடம்பு சூடேற்றும் வேலையை விட்டுவிட்டது என்பதன் அடையாளம்.

"அந்தக் கலர் மேல இருக்குங்கக்கா. எடுத்தாறேன்" என்று சொல்லி, பாறையில் இல்லாத அலமாரியைப் பார்த்துக் கை நீட்டினார். நாக்கு குழறியது.

கைபேசியில் சிக்னல் கிடையாது. முன்னால் இன்னும் ஒரு இறக்கமும் ஒரு மடுவும். அதைக் கடந்தால் வெயில். ஓடிப்போய்விடலாமா, இங்கேயே உட்கார்ந்து சூடேற்றுவதா? ஓடச் சொல்லித்தான் என் கால் இழுத்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், வெளிச்சம் அவ்வளவு பக்கம். ஆனால் இந்த நிலையில் இன்னொரு முறை தண்ணீரில் இறக்கினால் அந்தப் பக்கம் உயிரோடு ஏறுவாரா என்று எனக்கு உறுதியில்லை. உட்காருவோம் என்றேன்.

நானும் மேனேஜரும் முதுகைத் திருப்பிக்கொண்டோம். பின்கயிற்றுக்காரியும் ரேகாவும் ஈரத்துணியைக் கழற்றி, பையில் இருந்த உலர்ந்த சட்டையைப் போட்டு, உடம்புச் சூடு வெளியே போகாதபடி வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றினார்கள். பின்கயிற்றுக்காரி அவரைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளாஸ்கில் எங்களுக்கென்று கொண்டுவந்த சுக்குக் காபி இருந்தது, வெல்லம் தூக்கலாகப் போட்டது. மூடியில் ஊற்றி வாயருகே கொண்டுபோனேன்.

தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கொண்டுபோனேன். உதட்டைக் கடித்து மூடிக்கொண்டார். மடுவில் பார்த்த அதே வாய்.

அப்போதுதான் ரேகா சொன்னாள். மேனேஜர் பக்கம் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா நேத்து மத்தியானம் சாப்ட்டதுங்க. இன்னிக்குத் தைக் கிருத்திக. சாயந்தரம் வெளக்கு வச்சப்புறம்தான் வாயில தண்ணியே ஊத்தும்."

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெரதம்னா சொல்லக்கூடாதா? நான் இன்னா வேணான்னா சொல்லப்போறேன்?"

ரேகா இப்போது அவரைப் பார்த்தாள். "கேட்டுச்சு சார். வேற நாள் போலாமான்னு போன வாரமே கேட்டுச்சு. தேதி போட்டுப் பேனர் அடிச்சாச்சு, பேசாம வான்னு நீங்கதான் சொன்னீங்க."

சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண், தன் வேலையைக் கையில் வைத்திருக்கும் ஆளிடம், இப்படி நேராகச் சொல்வதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் பல இடங்களில் வேலை பார்த்தவன், பல இடங்களில் வாயை மூடிக்கொண்டு நின்றவன். விரதம் எதற்கு என்பதையும் அவளே சொன்னாள். தனத்தின் மகள் முழுகாமல் இருக்கிறாள். முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்று, மாதாமாதம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிருத்திகை இருக்கிறார்.



பின்கயிற்றுக்காரி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூக்கப் புடிச்சி ஊத்திடலாம்ண்ணா" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வலுக்கட்டாயமாக ஊற்றினால் அது புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பேசிப் பார்த்தேன். உசுருக்கு மேல சாமியாக்கா என்றேன். தனத்துக்கு என் குரல் எட்டவே இல்லை. அவர் கடையில் இருந்தார். எனக்குத் தெரியாத கஸ்டமர்களோடு பேசிக்கொண்டிருந்தார், அதுவும் மெல்ல மெல்லச் சன்னமாகிக்கொண்டே வந்தது. வெளிப்படையாகவே எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிறு, எடை, மடுவின் நீளம், இதிலேயே என் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது மேனேஜர் எழுந்து தனத்தின் முன்னால் போய்க் குந்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கடையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"தனம்மா."

"சார்." கண் அரைகுறையாகத் திறந்தது. உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தப் பார்த்தார்.

"கட முடிஞ்சிச்சி. ஷட்டர் போடச் சொல்லிட்டேன்."

"கஸ்டமர் இருக்காங்க சார்."

"போயிட்டாங்க. எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க. வெளிய பாரு, பொழுது போயிடுச்சி."

தனம் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளியே காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மேடையிலிருந்து பார்த்தால் கறுத்த பாறையும், அதற்கு மேலே மங்கலும்தான். எந்த நேரத்தில் பார்த்தாலும் அங்கே அந்தி மாதிரித்தான் இருக்கும்.

"வெளக்கு வச்சாச்சா?" என்று கேட்டார்.

பின்கயிற்றுக்காரி தன் ஹெல்மெட்டில் இருந்த டார்ச்சைக் கழற்றி, எட்டிப் பாறை இடுக்கு ஒன்றில் வைத்து எரியவிட்டாள். "வச்சாச்சிக்கா" என்றாள்.

தனம் இரண்டு கையையும் கூப்பினார். விரல் மடங்கவில்லை, அப்படியே ஒட்டி வைத்துக்கொண்டு, முருகா என்றார். பிறகு வாயைத் திறந்தார். மேனேஜர் என் கையிலிருந்து மூடியை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குழந்தைக்கு மருந்து ஊற்றுகிறவர் மாதிரி, ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து. பிளாஸ்க் காலியாகும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஐந்து பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். முதலில் நடுக்கம் திரும்பி வந்தது. அதைப் பார்த்துப் பின்கயிற்றுக்காரி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு தனம் என் விரலை இறுக்கிப் பிடித்தார். அதன் பிறகுதான் கிளம்பினோம். கடைசி இறக்கத்தில் அவரை என் இடுப்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டி இறக்கினேன். கடைசி மடுவில், பைகளை மிதக்கவிட்டு இழுத்துப்போக வைத்திருந்த லாரி டியூப்பிலிருந்து அவற்றை இறக்கிவிட்டு, அதில் அவரை உட்காரவைத்தோம். பைகளை மேனேஜர் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஜுஜுபி என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு சொல்லிக் கேட்கவில்லை.

இதற்கப்புறம் நான் யாரிடமும் சாப்ட்டாச்சா என்று கேட்டதில்லை. இன்னா சாப்ட்டீங்க, எப்ப சாப்ட்டீங்க, கையில இன்னா வச்சிருக்கீங்க என்று கேட்பேன். ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, அவருடைய மேலாளர், மாமியார், புருஷன் யாருக்கும் கேட்காத இடத்தில் வைத்துக் கேட்பேன். இன்னிக்கு இன்னா விசேஷம் என்று காலண்டரையும் பார்த்துவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அதோடு, யார் உதவாத ஆள் என்று மேட்டில் நிற்கும்போதே முடிவு செய்வதையும் விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று விழுந்தது. சுட்டுக்கிடந்த பாறையில் தனத்தைச் சாய்த்து உட்காரவைத்தோம். நான் பையிலிருந்த வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன், கையில் வாங்கி வைத்துக்கொண்டார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார். தலைக்கு நேர் மேலே சூரியன். அதைப் பார்த்தார், கையில் இருந்த வெல்லத்தைப் பார்த்தார்.

உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குள் இருந்த நிம்மதி அந்த இடத்தில் வடிந்துபோயிற்று. இரண்டு முறை தங்காத பிள்ளைக்காக அவர் கட்டிக் காத்த விரதத்தை, நாங்கள் பொய் சொல்லிப் பறித்திருந்தோம்.

மேனேஜர் முன்னால் வந்தார். "தனம்மா, நான்தான் சொன்னேன். வேற இன்னா பண்றதுன்னு தெரில."

தனம் பின்கயிற்றுக்காரியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "வெளக்கு வச்சது நீதான?"

"ஆமாங்கக்கா."

"மனசாரத்தான வச்ச?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப பொழுது போயிடுச்சிதான்" என்றார் தனம். வெல்லத்தைக் கடித்தார். கடித்துவிட்டு மேனேஜரிடம், சிரிக்காமல் சொன்னார். "நாளைக்கு நான் கடைக்கு வரல சார். பொண்ணப் பாக்கப் போறேன்."

"போயிட்டு வாம்மா" என்றார் அவர்.

பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வருஷம் ஆடியில் ஒரு நாள் ரேகா போன் செய்தாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பின்கயிற்றுக்காரியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டி முடித்தாள். பிறகு, நல்லதுண்ணா என்றாள்.

இந்தத் தொழிலில் நிறையப் பேர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணினால் ரேகா உண்டு, மேனேஜர் உண்டு, பெயர் போடாதே என்றவளும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் முன்னால் தனம்தான் நினைவுக்கு வருகிறார். பிள்ளை நன்றாகப் பிறந்த பிறகு யார் வேண்டுமானாலும் எங்களை மன்னித்திருக்கலாம். அவர் அந்தப் பாறையில், தை மாத வெயிலில், எதுவும் தெரியாதபோதே மன்னித்துவிட்டார்.